மச்சான் கொடுத்த சாக்ஸபோன்

பதினாறு வருடமாக மின்வாரியத்தில் மீட்டர் சோதனைதான் என் வேலை. கடலூரில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நான் பைக்கை நிறுத்தினால், உள்ளே இருப்பவர் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். அப்படிக் கேட்கிற வீட்டில் மீட்டரை இரண்டு தடவை பார்ப்பேன். கேட்காத வீட்டில் மூன்று தடவை பார்ப்பேன். இந்தச் சடையப்பனுக்கு ஒருவன் ஒரு பொருளைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்தவன் என் மனைவி மாலதியின் தம்பி செந்தமிழ்செல்வன். எங்களுக்குச் செல்வன். தேவனாம்பட்டினத்தில் கொட்டகை போட்டு மைக் செட், லைட் செட் வாடகைக்கு விடுகிறான். கல்யாண வீடுகளில் சாக்ஸபோன் வாசித்தால் நான் பந்தியை மறந்து மேடை ஓரமே நிற்பதை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். ஆனி மாதம் என் பிறந்தநாளன்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான்.

"தொறந்து பாரு மாமா. எத்தினி நாளிக்கிதான் வேடிக்க பாத்துக்கிட்டே நிப்ப? நீயே ஊது."

உள்ளே சாக்ஸபோன். பழையதுதான், ஆனால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மாலதிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரியே படுக்கையில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு நல்ல பொருளை ஒருவன் ஏன் சும்மா கொடுக்கிறான்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், குளம்பையும் தூக்கிப் பார்ப்பேன்.

கற்றுக்கொள்ள ஆள் சொன்னதும் செல்வன்தான். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடி அறையில் இசைவாணி என்ற பெண் வகுப்பு எடுத்தாள். குமராட்சிக்காரி, வயது இருபத்தாறு, கச்சேரிகளிலும் வாசிப்பவள். எனக்கு நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். முதல் நாள் பெட்டியை அவளிடம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, "நல்ல வாத்தியம் சார். மேலேந்து கீழ வரைக்கும் சுத்தமா பேசுது" என்றாள். ஊதிப் பார்த்துவிட்டாளாம். என் காது அதைக் கேட்கவில்லை. அதை அப்போதே மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் நடு ஸ்வரங்களையே ஊதினேன். அவை வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கூட ஜன்னலைத் திறந்து வைக்க ஆரம்பித்தார். ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிறு, "இனிமே கீழ எறங்கலாம் சார்" என்றாள் இசைவாணி.

அங்கேதான் வண்டி நின்றது. சாக்ஸபோனில் கீழே போகப் போக ஒவ்வொரு ஓட்டையாக மூடிக்கொண்டே வர வேண்டும். எல்லா விரலும் அழுத்தி, கடைசியில் சுண்டு விரலால் பெரிய மூடிகளையும் இறக்கினால், அடி ஸ்வரம் வயிற்றிலிருந்து எழுகிற மாதிரி வர வேண்டும். எனக்கு வந்தது வாய் கொப்பளிக்கிற சத்தம். இன்னும் அழுத்தி ஊதினால் 'க்வாக்' என்று ஒரு வாத்து கத்தும். மூன்று வயது மகள் அருள்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இன்னொரு வாட்டி வாத்து!" என்றாள்.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்பிடித்தான் சார்" என்றாள் இசைவாணி. "கீழ் ஸ்வரம் கடைசியாத்தான் பிடிபடும். பல்லக் கடிக்காதீங்க. தாடைய தளத்தி வுடுங்க."

நாலு வாரம் தளர்த்தினேன். வாத்து போகவில்லை. ஐந்தாவது வாரம் அவள் கையை நீட்டினாள். "வாத்தியத்தக் குடுங்க சார், நான் ஒரு தடவ ஊதிப் பாக்கறேன்."

கொடுக்கவில்லை. சந்தேகத்துக்கு உள்ளானவர் கையில் மீட்டரைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. கொடுத்தால் தடயம் போய்விடும். இவளைச் சொன்னது யார்? செல்வன். வாத்தியம் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்தது யார்? இவள். அதை நான் காதால் கேட்டேனா? இல்லை. இரண்டும் இரண்டும் நாலு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். போன வருட மழையில் செல்வனின் கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. ஸ்பீக்கர் எல்லாம் ஊறிப்போனதை நானே பார்த்தேன். அப்போது இதுவும் அங்கே கிடந்திருக்கும். எவனோ வாடகை பாக்கிக்கு விட்டுப்போன சாமான், தண்ணீரில் ஊறியது, விற்றால் போகாதது. துடைத்துப் பளபளப்பாக்கி அக்கா புருஷன் தலையில் கட்டிவிட்டான். பேரும் கிடைத்தது, குப்பையும் ஒழிந்தது. நினைக்க நினைக்க அது அப்படியே நடந்த மாதிரி கண்ணில் ஓடியது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தை மாதம் அருள்மொழிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் அவன்தான் கொண்டுவர வேண்டும். மாலதியோடு கூடப் பிறந்தவன் செல்வன் ஒருவன்தான். அப்பா அம்மா இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். கொஞ்சம் பொறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் பெட்டியோடு தேவனாம்பட்டினம் போனேன். கொட்டகையில் வேலையாட்கள் மூன்று பேர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு விசேஷத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா மாமா! கச்சேரியா?" என்று சிரித்தான் செல்வன்.

பெட்டியைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். "இத யார்கிட்ட வாங்கின?"

"மங்கலம்பேட்டையில ராஜவேலுன்னு ஒருத்தரு. பேண்டு செட்டு வச்சிருந்தாரு. இப்ப பையன்கூட திருப்பூர்ல இருக்காரு. ஏன் மாமா?"

"அவரு நம்பரு குடு."

விளையாட்டு என்று நினைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினான். நான் அங்கேயே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் வேலையில் சாட்சி முக்கியம். சாக்ஸபோனை எப்போது விற்றீர்கள், தண்ணீரில் நனைந்ததா, மூடி மாற்றியதா, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"நனையிலீங்க, நல்ல சாமானுங்க" என்றார் ராஜவேல். "அந்தத் தம்பி நாலு தடவ வந்து பாத்துட்டுத்தாங்க எடுத்துக்கிட்டுப் போச்சி."

"ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டிங்களா?" என்று கேட்டேன்.

செல்வன் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் ஒன்ன ஏமாத்துவனா மாமா?"

"மீட்டர்ல ஓட்ட போட்டவனும் இதையேதான் சொல்றான்."

வயர் சுருட்டியவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அட்வான்ஸ் கொடுக்க வந்தவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். செல்வன் பெட்டியின் கொக்கியை மாட்டி, இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. மாலதி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"ஊர் ஒலகம் பாக்க எந்தம்பிய திருடன்னுட்டு வந்திருக்கீங்க. அவன் வர்லன்னா எம்புள்ளைய யாரு மடியில ஒக்கார வப்பீங்க? ஒங்க மீட்டர் பொட்டி மேலியா?"

"பொருள்ல கொற இருக்குது. அது நிஜம்."

"கொற எங்க இருக்குதுன்னு மொதல்ல போயி பாருங்க."

அதற்கப்புறம் சோறு போட்டாள், பேசவில்லை. மறுநாளே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு முதுநகரில் ராபர்ட் கடைக்குப் போனேன். ஆர்மோனியம், கீபோர்டு, பேண்டு வாத்தியம் எல்லாம் பழுது பார்க்கிறவர். செல்வனுக்குப் பழக்கம் இல்லாதவர் என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

ராபர்ட் ஊதிப் பார்க்கவில்லை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, லைட்டை அணைத்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடுகிற சீரியல் பல்பு ஒரு முழத்தை எடுத்துக் குழலுக்குள்ளே இறக்கி எரியவிட்டார். பிறகு ஒவ்வொரு மூடியாக அழுத்தினார். சரியாக மூடினால் வெளிச்சம் வெளியே வராது, வந்தால் அங்கே காற்று போகிறது என்று அர்த்தம். மேலே எல்லாம் இருட்டு. கீழே, எப்போதும் திறந்தே இருக்கும் பெரிய மூடிகள் மூன்றையும் அழுத்தியபோது, விளிம்பில் சிவப்பும் பச்சையுமாகக் கசிந்தது.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்றேன். அவரிடம் நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

ராபர்ட் லைட்டைப் போட்டார். ஒரு மூடியைத் திருகிக் கழற்றி, ஓட்டையின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். சிரித்தார்.

"சந்தனம் சார். மேல குங்குமம். ஓட்ட வெளிம்பு சுத்தியும் வச்சிருக்காங்க, காஞ்சி கல்லாட்டம் ஆயிருக்குது. மூடி அது மேல ஒக்காந்தா எப்பிடி அடங்கும்? இந்த மூணு மூடியும் கீழ் ஸ்வரத்துக்கு மட்டுந்தான் எறங்கும், அதனால மத்த ஸ்வரம் எல்லாம் நல்லாவே வந்திருக்கும். ஆர்மோனியத்துல பொட்டு வக்கிறத பாத்திருக்கேன். இந்த மாதிரி வெளிம்பப் பாத்து யாரும் வச்சதில்ல. யாரு சார் வச்சது?"

ஆயுத பூஜைக்குப் பைக், மிக்ஸி, கிரைண்டர், டெஸ்டர், கட்டிங் பிளேயர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான். பெட்டி மேல் ஒரு பொட்டு போதும் என்றாள் மாலதி. சாமி காரியத்தில் என்ன கஞ்சத்தனம் என்று அவளை அதட்டி, வாத்தியத்தை வெளியே எடுத்து, வாய் பிளந்துகொண்டிருந்த அந்த மூன்று ஓட்டைகளுக்கும் சுற்றிச் சுற்றி வைத்தது என் மோதிர விரல்.

"வீட்டுல வச்சிருப்பாங்க" என்றேன். அங்கேகூட உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் ஈரத் துணியால் துடைத்து, மூடிகளை மாட்டி ஊதினார். அடி ஸ்வரம் வந்தது. கண்ணாடி அலமாரியில் இருந்த திருகாணி டப்பா அதிர்ந்தது. வாங்கி நான் ஊதினேன். க்வாக்.

"இனிமே வாத்தியத்துல ஒண்ணும் இல்ல சார்" என்றார் ராபர்ட், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஞாயிறு சிதம்பரத்தில் நானே வாத்தியத்தை இசைவாணியிடம் நீட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், சந்தனம் வைத்தது யார் என்பது உட்பட. யாரிடமாவது சொல்லாவிட்டால் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கும். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"செல்வன் அண்ணன் இத வைகாசியிலேயே எங்கிட்ட எடுத்துக்கிட்டு வந்தாங்க சார். ஒங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே. அடி ஸ்வரத்த மட்டும் அஞ்சாறு தடவ ஊதிக் காட்டச் சொன்னாங்க. 'எங்க மாமா ரொம்பப் பாக்கற ஆளும்மா, ஒரு கொற இருக்கக் கூடாது'ன்னாங்க."

"இத ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

கீழே வீதியில் யாரோ ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி விட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் பாடத்துக்கு வந்தாள். "மூக்குக் கண்ணாடி தொடைக்க ஆவி வுடுவீங்கள்ல, அந்தக் காத்து போதும். நீங்க வாயில வக்கிற ரீடுத் தகட்டக் கடிச்சிப் பிடிச்சிக்கிறீங்க. அது எங்கியும் ஓடிப் போயிடாது சார், வுடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தேவனாம்பட்டினம் போனேன். கொட்டகையில் அவன் மட்டும் இருந்தான், ஒரு ஆம்ப்ளிபயரைப் பிரித்து வைத்துக்கொண்டு.

"தப்பு என்னுது மச்சான். சந்தனம் வச்சது நான்தான்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

கேட்டுக்கொண்டான். கையைத் துணியில் துடைத்தான். "பரவால்ல, வுடுங்க மாமா. காதுகுத்துக்கு நான் வந்துடறேன். அக்காகிட்ட சொல்லிடுங்க."

வுடுங்க. சொல்லிடுங்க. பதிமூன்று வருடமாக என்னை வா போ என்றுதான் பேசுவான். அதுவும் காதில் விழுந்தது. ஆனாலும் வருகிறேன் என்று சொன்னானே என்று மனசு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியும் வீடு வந்து சேரும் வரைதான். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டான் என்றால் ஏதோ இருக்கிறது. கடைசி நேரத்தில் போனை அணைத்துவிடுவானோ? சபையில் அக்காவைத் தனியாக நிற்க வைத்துப் பழி வாங்குவானோ? மாலதியிடம் கேட்டேன்.

"வருவான்" என்றாள். "அவன் ஒங்கள மாதிரி இல்ல."

மார்கழி முழுவதும் சந்தேகமும் சாதகமுமாகப் போனது. ஒரு நாள் மத்தியானம், தூங்குகிற அருள்மொழி எழுந்துவிடுவாளே என்று மெதுவாக, கண்ணாடிக்கு ஆவி விடுகிற மாதிரி ஊதினேன். அடி ஸ்வரம் வந்தது. தரை வழியாகக் காலில் ஏறியது. நான் கத்தவில்லை, கூப்பிடவில்லை, அப்படியே நின்றேன். மாலதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தையில் குமராட்சிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. சொந்தக்காரர்கள் அறுபது எழுபது பேர். ஒன்பது மணிக்கு நல்ல நேரம். எட்டு மணியிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டேகாலுக்கே செல்வனின் வேன் வந்து நின்றது. பட்டுப் பாவாடை, பழம், பூ, வெற்றிலை, இனிப்பு என்று பதினொரு தட்டு. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. நான் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனேன். மேளக்காரரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன், மாமன் சீர் வரும்போது நான்தான் வாசிப்பேன் என்று. நடு ஸ்வரத்தில் தொடங்கி இறங்கி இறங்கி, அடி ஸ்வரத்தில் போய் நின்றேன். அது கணீரென்று நின்றது. கிழவர் ஒருவர் "அட!" என்றார். நான் செல்வனைத்தான் பார்த்தேன்.

"நல்லா வாசிக்கிறீங்க மாமா" என்றான். அவன் முகம் மலர்ந்துதான் இருந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போது முழுசாக நம்பினேன். என் வாழ்க்கையில் நான் எதையும் அப்படி நம்பியதில்லை.

அருள்மொழியை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், கையில் மிட்டாய் கொடுத்தான். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "தோடு கொண்டாங்க" என்றார். செல்வன் பக்கத்தில் இருந்த சின்ன வெள்ளித் தட்டை எடுத்து, ஆசாரியிடம் கொடுக்காமல், என் பக்கம் நீட்டினான். பூவின் நடுவில் இரண்டு தோடு. அதன் அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"கட பில்லு மாமா. ஹால்மார்க் நம்பரு, கடக்காரரு போன் நம்பரு எல்லாம் அதுல இருக்குது. பாத்துட்டுக் குத்தச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னான். மாமன் சீர்த் தட்டில் பில்லை வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. மாலதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாமி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் காகிதத்தை நான் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அதைப் பிரித்தேன். வேண்டுமென்று இல்லை, கை போய்விட்டது. எடையைப் படித்தேன். தோட்டைத் திருப்பி, அந்த ஹால்மார்க் பொடி எழுத்து எங்கே இருக்கிறது என்று வெளிச்சத்தில் தேடினேன். தேடுகிறேன் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

நிமிர்ந்தபோது, என் மகளை மடியில் அணைத்தபடி செல்வன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டான்.